எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுப்பதிலிருந்து முதலாண்டு வரை

ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது 1 முதல் 3 மணி நேர வேலை. அது சர்ஜனின் பொறுப்பு. அதற்கு முந்தைய மாதங்களும் பிந்தைய ஆண்டுகளும் நோயாளியின் பொறுப்பு. கிடைத்த பலன் நிலைக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான் முடிவாகிறது. அதனால் "எத்தனை கிலோ குறையும்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆயுள் முழுக்கத் தினமும் வைட்டமின் மாத்திரை விழுங்குவீர்களா? வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனைக்குப் போவீர்களா? சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், சிறு சிறு வாயாக மென்று 20 முதல் 30 நிமிடம் எடுத்துச் சாப்பிடுவீர்களா? இந்த மூன்றில் ஒன்றுக்கு மனம் தயங்கினாலும் மேலே படியுங்கள், ஆனால் தேதி குறிக்க அவசரப்படாதீர்கள்.

யாருக்குப் பொருந்தும்

முதல் கணக்கு பிஎம்ஐ எனும் உடல் நிறைக் குறியீடு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை அதே உயரத்தால் பெருக்கி, வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். 110 கிலோ எடையும் 1.60 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு 110ஐ 2.56ஆல் வகுத்தால் 43 வரும்.

1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல்தான் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது: பிஎம்ஐ 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்ற துணை நோய்கள். 2022இல் அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) சர்ஜன்கள் சங்கமும் இதே துறையின் சர்வதேசக் கூட்டமைப்பும் இதைத் தளர்த்தின. பிஎம்ஐ 35ஐத் தாண்டினால் துணை நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம்; 30 முதல் 35 வரை இருப்பவருக்குச் சர்க்கரை நோய் போன்ற வளர்சிதைமாற்றக் கோளாறு இருந்தால் யோசிக்கலாம். ஆசிய இனத்தவருக்குக் குறைந்த எடையிலேயே இந்த நோய்கள் வந்துவிடுவதால் 27.5 என்ற தனி எல்லையும் அதில் உண்டு.

எண் மட்டும் போதாது. சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆகி, இன்சுலின் இன்னும் தொடங்காதவருக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வரும் வாய்ப்பு நன்றாக இருக்கும். பதினைந்து ஆண்டுகளாக இன்சுலின் போடுபவருக்கு அளவு குறையும். முழுவதும் நிற்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று போதல், கொழுப்புக் கல்லீரல், முழங்கால் தேய்மான வலி, கருமுட்டைப் பையில் நீர்க்கட்டி ஆகியவை எடையோடு சேர்ந்து கணிசமாகக் குறைபவை.

ஒத்திப்போட வேண்டியவர்களும் உண்டு. மது அல்லது போதைப் பழக்கத்திலிருந்து மீளாதவர்கள், புகையை விடாதவர்கள், சிகிச்சையில் இல்லாத மனச்சோர்வோ மனநோயோ உள்ளவர்கள், அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்று திட்டமிட்டிருப்பவர்கள். எடை கூடக் காரணமே தைராய்டு குறைவோ, ஸ்டீராய்டு ஹார்மோன் மிகும் குஷிங் நோயோ என்றால் முதலில் அதற்குத்தான் வைத்தியம்.

செமாக்ளுடைட், டிர்செபடைட் போன்ற வாராந்திர ஊசிகளைப் பற்றியும் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பலருக்கு நல்ல எடை இறக்கம் தருகின்றன. நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பி ஏறுகிறது என்பதே அவற்றின் பலவீனம். பிஎம்ஐ மிக அதிகமாக இருப்பவருக்கு அறுவை சிகிச்சையின் பலன் அதிகம், நீடிப்பும் அதிகம். இரண்டில் ஒன்றுதான் என்று இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு எடையைக் கொஞ்சம் இறக்கவும், பின்னாளில் எடை ஏறினால் தடுக்கவும் ஊசி பயன்படுகிறது.

எந்த ஆபரேஷன்

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை நெடுக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். கொள்ளளவு குறைவது ஒரு பக்கம். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைச் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால் முதல் மாதங்களில் பசியே பெரிதாகத் தெரியாது. குடலில் கை வைப்பதில்லை. வெட்டியெடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

ரூ-ஒய் பைபாஸில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பையைப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அதோடு இணைப்பார்கள். உணவு பெரிய இரைப்பையையும் குடலின் தொடக்கத்தையும் தொடாமல் போகும். குடல் ஹார்மோன்கள் மாறுவதால், எடை இறங்கத் தொடங்கும் முன்பே சர்க்கரை அளவு குறைவதைப் பலரிடம் பார்க்கலாம். மினி பைபாஸ் என்று அழைக்கப்படும் ஒற்றை இணைப்பு முறையில் நீளமான பையும் ஒரே ஒரு இணைப்பும் இருக்கும், நேரம் குறைவு. பித்தநீர் இரைப்பைக்குள் ஏறும் வாய்ப்பும், குடலை அதிகம் தாண்டினால் ஊட்டச்சத்துக் குறைவும் அதன் குறைகள். இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் முறை ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. வளையம் நழுவுவதும் உள்ளே அரித்துப் போவதும் காரணம்.

தேர்வுக்கு முதலில் பார்க்க வேண்டியது நெஞ்செரிச்சல். இரவில் புளித்து எதுக்களிப்பவருக்கும், எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புண்ணோ பெரிய ஹையாடஸ் ஹெர்னியாவோ (இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறுவது) தெரிபவருக்கும் ஸ்லீவ் செய்தால் எரிச்சல் அதிகமாகலாம். சிலர் அதற்காகவே பின்னால் பைபாஸுக்கு மாற வேண்டி வருகிறது. அப்படிப்பட்டவருக்கு ரூ-ஒய் பைபாஸ்தான் பொருத்தம். அதுபோல, மூட்டுவாதத்துக்காக வலிமாத்திரை இல்லாமல் இருக்க முடியாதவருக்கு பைபாஸ் ஆபத்து: இணைப்பில் புண் வரும். குரோன்ஸ் எனும் குடல் நோய் உள்ளவருக்கும், உறுப்பு மாற்று மருந்து சாப்பிடுபவருக்கும் ஸ்லீவ் பக்கமே சாய்வார்கள். நீண்ட நாள் சர்க்கரை நோய்க்கு பைபாஸின் பலன் கூடுதல்.

எடைக் கணக்கை நிதானமாகப் போடுங்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் ஸ்லீவில் மொத்த எடையில் ஏறத்தாழ 25 சதவீதமும் பைபாஸில் 30 சதவீதமும் இறங்குவது வழக்கம். மேலே சொன்ன 110 கிலோ மனிதர் ஸ்லீவுக்குப் பின் 82 கிலோ அளவுக்கு வருவார். அப்போதும் பிஎம்ஐ 32 இருக்கும். ஒல்லியாகிவிடுவேன் என்று நினைத்துப் போனவருக்கு இது தோல்வியாகத் தெரியும். சர்க்கரையும் பிரஷரும் முழங்கால் வலியும் குறைந்தால் போதும் என்று போனவருக்கு இதுவே பெரிய வெற்றி. அதனால் எதற்காகச் செய்துகொள்கிறீர்கள் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அபாயமும் எண்ணாகத் தெரிந்திருக்க வேண்டும். அனுபவமுள்ள மையங்களில் முதல் 30 நாள் இறப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடத்தக்கது. தையல் வரிசையில் கசிவு நூறில் ஒருவருக்கு வரலாம். ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகியவை அடுத்தவை. புகை, மிக அதிக எடை, சிகிச்சை எடுக்காத தூக்க மூச்சடைப்பு, கட்டுக்குள் வராத சர்க்கரை ஆகியவை இந்த எண்களை ஏற்றுகின்றன. இவற்றில் பலவும் மாற்றக்கூடியவை என்பதால்தான் முன் தயாரிப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

சர்ஜனைப் பார்க்கும்போது தயங்காமல் கேளுங்கள்: வருடத்துக்கு இந்த வகை ஆபரேஷன் எத்தனை செய்கிறீர்கள்? கசிவு வந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் சரிசெய்யும் ஆள் இதே மருத்துவமனையில் இருக்கிறாரா? இரவு 2 மணிக்கு எனக்கு மூச்சு வாங்கினால் யாரை அழைப்பது? உணவு ஆலோசகரை எத்தனை மாதம் பார்க்கலாம்? உள்ளே போன பிறகு ஸ்லீவுக்குப் பதில் வேறு முறைதான் முடியும் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஒட்டிக்கொண்ட குடலோ பெரிய கல்லீரலோ திட்டத்தை மாற்றிவிடக்கூடும் என்பதால் கேட்டுவிடுவது நல்லது.

தயாராகும் மாதங்கள்

ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி, கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, தைராய்டு ஆகியவற்றோடு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி ஆகியவையும் பார்க்க வேண்டும். உடல் பருத்தவருக்குச் சத்துக் குறைவு இருக்காது என்று எண்ணுவது பெரிய தவறு. டி-யும் இரும்பும் குறைந்தே பலர் வருகிறார்கள். குறையை முன்பே நிரப்பிவிட்டுத் தியேட்டருக்குள் போக வேண்டும், பிறகு நிரப்புவது இரட்டிப்புக் கஷ்டம். வயிற்று ஸ்கேனில் பித்தக்கல்லும் கல்லீரல் கொழுப்பும் தெரியும். எண்டோஸ்கோப்பியில் ஹெச். பைலோரி கிருமி இருந்தால் சுமார் 14 நாள் மருந்து. ஈசிஜி, தேவைப்பட்டால் எக்கோ. குறட்டை உள்ளவருக்குத் தூக்க ஆய்வு. மூச்சு அடைக்காமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் கருவி பரிந்துரைத்தால் ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே மாட்டித் தூங்கிப் பழகி, மருத்துவமனைக்கும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் அதை ஒரு தடையாக நினைக்க வேண்டாம். துக்கத்துக்கும் கோபத்துக்கும் சாப்பாட்டை மருந்தாக்கிக்கொண்டவருக்கு அந்த மருந்து ஒரே நாளில் இல்லாமல் போகப்போகிறது. அதற்குப் பதிலாக எதைப் பிடித்துக்கொள்வது என்பதை முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளும் இடம் அது. இங்கே மறைப்பது பிறகு நோயாளியைத்தான் வாட்டும்.

புகையை ஆபரேஷனுக்குக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அதன் பிறகு தொடவே கூடாது. நிகோட்டின் ரத்தக்குழாய்களைச் சுருக்கித் தையல் ஆறவிடாது. பைபாஸ் ஆனவருக்கு இணைப்புப் புண்ணின் முதன்மைக் காரணங்களில் ஒன்று புகை.

கடைசி இரண்டு வாரம் கல்லீரலுக்கானது. ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படர்ந்திருக்கிறது. கொழுப்பேறிக் கனத்திருந்தால் சர்ஜனால் அதைத் தூக்கிப்பிடித்து வேலை செய்ய முடியாது. கிழிந்து ரத்தம் கசியும். சில சமயம் ஆபரேஷனையே நிறுத்தித் தைத்து அனுப்ப வேண்டி வரும். "கடைசியாக ஒரு முறை ஆசை தீரச் சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்ற எண்ணம் இந்த நாட்களில்தான் எல்லோருக்கும் வருகிறது. அதற்கு இடம் கொடுத்தால் இரண்டு வார உழைப்பும் வீண்.

இந்தக் குறை உணவு தொடங்கும் நாளிலேயே சர்க்கரை மருந்தைக் குறைக்க வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைக் குறைந்தது 3 நாள் முன்பு நிறுத்தியாக வேண்டும்; சாப்பாடு குறைந்திருக்கும்போது அவை சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடியவை. வாராந்திர எடை ஊசி போடுபவர்கள் கடைசி ஊசி எப்போது என்று மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், இரைப்பை காலியாகத் தாமதமாகும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ரத்தம் உறைய வைக்கும் என்பதால் ஒரு மாதம் முன்பே மாற்று வழிக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது.

ஆபரேஷன் நாள்

திட உணவை 6 முதல் 8 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தெளிந்த நீரைப் பெரும்பாலும் 2 மணி நேரம் முன்புவரை அனுமதிப்பார்கள். முழு மயக்கம். வயிற்றில் 5 முதல் 15 மி.மீ. அளவுள்ள நான்கைந்து துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, கேமரா வழியே பார்த்து ஸ்டேப்ளர் கொண்டு வெட்டி இணைப்பார்கள். ஸ்லீவுக்கு 1 முதல் ஒன்றரை மணி நேரம், பைபாஸுக்கு 2 முதல் 3 மணி நேரம்.

கண் விழித்ததும் குமட்டலும் தோள்பட்டை வலியும் இருக்கும். தோள்வலிக்குக் காரணம் உள்ளே மீந்த வாயு உதரவிதானத்தை உறுத்துவது. நடக்க நடக்கக் குறையும். ஸ்லீவில் முதல் நாள் குமட்டலும் நெஞ்சுக்குள் பிடித்தது போன்ற வலியும் சற்று அதிகம், மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். அன்று மாலைக்குள் எழுந்து நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று படுத்தே கிடப்பதுதான் இங்கே ஆபத்து. காலில் ரத்தம் உறையாமலிருக்க நடை, கால் உறை, வயிற்றில் போடும் ஹெப்பாரின் ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. அபாயம் அதிகமுள்ளவருக்கு வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் ஊசி தொடரும். மூச்சுப் பயிற்சிக் கருவியை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஊதி இழுக்க வேண்டும்.

1 முதல் 3 நாளில் வீட்டுக்கு அனுப்புவார்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஆபரேஷனின் சரியான பெயரும், பைபாஸ் என்றால் குடலின் எந்தப் பகுதி எத்தனை செ.மீ. என்பதும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வயிற்று வலியோடு போகும்போது அந்தத் தாள்தான் துணை.

முதல் ஆறு வாரம்

ஆறிக்கொண்டிருக்கும் தையல் வரிசைக்கு அழுத்தம் கொடுக்காமலிருப்பதே இந்தப் படிநிலை உணவின் நோக்கம். முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம். பிறகு இரண்டாம் வாரம் முடியும்வரை பால், புரதப் பொடி, வடிகட்டிய சூப் போன்ற முழுத் திரவம். மூன்றாம், நான்காம் வாரம் மசித்தது. ஐந்தாம், ஆறாம் வாரம் முள்கரண்டியால் நசுங்கும் அளவுக்கு மென்மையானது. அதன் பிறகே சாதாரண உணவு, அதிலும் ஒரு வேளைக்கு ஒரு புது உணவு மட்டும். உங்கள் மருத்துவமனை தரும் அட்டவணை இதற்குச் சில நாள் முன்பின் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் வாரங்களில் மருத்துவமனைக்குத் திரும்ப வர வைக்கும் காரணங்களில் முன்னணியில் இருப்பது நீர்ச்சத்துக் குறைவு. ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை 30 மி.லி. வீதம் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். 14 மணி நேரம் விழித்திருந்தால் இதுவே 1,680 மி.லி. ஆகிவிடும், தேவை 1.5 முதல் 2 லிட்டர். 30 மி.லி. கொள்ளும் ஓர் அளவு மூடியும் கைபேசியில் ஒரு அலாரமும் போதும். சிறுநீர் அடர் மஞ்சளானால் பின்தங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஸ்ட்ரா வேண்டாம், காற்று உள்ளே போகும். சோடா, குளிர்பானம் வேண்டவே வேண்டாம்.

புரதம் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம். திரவ நிலையில் அரை லிட்டர் பாலில் 16 கிராம் கிடைக்கும். இரண்டு கரண்டி வே புரதப் பொடி 40 முதல் 50 கிராம் தரும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். பிறகு ஒரு முட்டைக்கு 6 கிராம், வெந்த கோழி 100 கிராமுக்கு 25க்கு மேல் என்று போட்டுக்கொள்ளலாம். தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் மாவுச்சத்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் இரண்டு வாய் சோற்றிலேயே வயிறு நிரம்பி, உடல் தசையைக் கரைக்கத் தொடங்கும்.

சாப்பிடும் முன்பும் பின்பும் 30 நிமிடம் தண்ணீர் வேண்டாம். சாப்பிடும்போது குடித்தால் சிறிய பை பிதுங்கி வலிக்கும். பின்னாளில் அதே தண்ணீர் உணவைக் கழுவிக் கீழே தள்ளி, நிறைய சாப்பிட வழி செய்துவிடும். நெஞ்சுக்கூட்டின் நடுவே அழுத்தம், திடீர் விக்கல், மூக்கில் நீர் வடிதல் ஆகியவை போதும் என்று உடல் சொல்லும் அடையாளங்கள். அடுத்த வாய்தான் வாந்தியை வரவழைக்கும். உலர்ந்த இறைச்சி, மென்மையான ரொட்டி, குழையாத சோறு ஆகியவை அடைத்துக்கொள்வதில் முன்னணியில் நிற்பவை.

மாத்திரைகளும் மாறும். முதல் வாரங்களில் பெரிய மாத்திரை அடைத்துக்கொள்ளும். திரவமாகவோ பொடித்தோ தரச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை மட்டும் பொடிக்கக் கூடாது, ஒரே நேரத்தில் முழு மருந்தும் இறங்கிவிடும். மாற்று மருந்து கேட்க வேண்டும். பிரஷர் மருந்தும் நீர் இறக்கும் மாத்திரையும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் எழுந்து நிற்கையில் தலைசுற்றி விழுவீர்கள். வீட்டில் பிரஷரையும் சர்க்கரையும் தினம் பார்த்து எழுதி வைத்து, வாரம் ஒருமுறை டாக்டரிடம் காட்டி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலிமாத்திரைகள் பைபாஸ் ஆனவருக்கு நிரந்தரமாகத் தடை, பாராசிட்டமால் எடுக்கலாம். பல்வலிக்குப் போனாலும் பல் டாக்டரிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

5 கிலோவுக்கு மேல் 4 முதல் 6 வாரம் தூக்க வேண்டாம். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 1 முதல் 3 வாரத்தில் திரும்பலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

படுத்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினால் உடனே மருத்துவமனை. கசிவின் முதல் அடையாளம் பல நேரம் இதுதான். காய்ச்சலும் வயிற்று வலியும் பிறகே வரும், பருத்த உடலில் வயிறு கல்லாக இறுகுவது வெளியே தெரியாமலும் போகும். இடது தோளில் புதிதாக வலி, மூச்சு வாங்குதல், "ஏதோ சரியில்லை" என்ற இனம்புரியாத பதற்றம் ஆகியவையும் அதே பட்டியல். கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். ஸ்லீவில் அதற்குப் பிறகும் வரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்த உறைவு. மலம் தார் போலக் கறுத்தால் ரத்தக்கசிவு. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டால் டிரிப்ஸ் தேவை.

அவசரப் பிரிவில் வேறு மருத்துவர் பார்த்தால், ஆபரேஷன் ஆகி இத்தனை நாள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மூக்கு வழிக் குழாயைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே தள்ளினால் புதுத் தையல் கிழியலாம். பைபாஸ் ஆனவருக்கு மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் விட்டுவிட்டு முறுக்கும் வலி வந்தால், உள்ளே ஒரு சந்தில் குடல் புகுந்து சிக்கியிருக்கலாம். எடை நன்றாகக் குறைந்து கொழுப்பு கரைந்ததும் அந்தச் சந்து அகலமாகிறது. வாயு என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்தால் குடல் அழுகிவிடும்; சிடி ஸ்கேனும், சந்தேகம் தீராவிட்டால் துளை வழியே கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் தேவை.

விடாத வாந்திக்கு இன்னொரு முகமும் உண்டு. உடலில் தயமின் எனும் பி1 சேமிப்பு சில வாரங்களுக்குத்தான். வாந்தி நீடித்தால் அது தீர்ந்து, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், குழப்பம் என்று மூளை பாதிக்கப்படும். தாமதித்தால் நிரந்தரம். குளுக்கோஸ் டிரிப்ஸ் மட்டும் ஏற்றினால் இருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி நிலை மோசமாகும். முதலில் தயமின் ஊசி, பிறகு குளுக்கோஸ். இதை நோயாளியும் உடனிருப்பவரும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆயுள் முழுக்க மாத்திரை

தினமும் மல்டிவைட்டமின், தயமின் குறைந்தது 12 மி.கி. வருமாறு. பி12 வாய்வழியாக 350 முதல் 1000 மைக்ரோகிராம் தினமும், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. கால்சியம் 1200 முதல் 1500 மி.கி., ஒரே நேரத்தில் 500 முதல் 600க்கு மேல் உடல் ஏற்காது என்பதால் இரண்டு மூன்றாகப் பிரித்து. கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு, சிட்ரேட் வாங்குங்கள். வைட்டமின் டி 3000 அலகு, ரத்த அளவு 30ஐத் தாண்டும்வரை பார்த்துக் கூட்டிக் குறைத்து. இரும்பு ஆண்களுக்கு 18 மி.கி.; மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் ஆனவர்களுக்கும் 45 முதல் 60.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுப்பவை; இடையே 2 மணி நேரம் விட வேண்டும். காலையில் இரும்பு, மதியமும் இரவும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இரும்பைப் பாலோடோ தேநீரோடோ விழுங்கினால் பயனில்லை. மிட்டாய் போல் மெல்லும் வைட்டமின்களில் பெரும்பாலும் இரும்பும் தயமினும் போதாது.

நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. பி12 சேமிப்பு கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தீரும்போது கால் மரத்துப்போகும், நரம்பு கெட்ட பிறகே தெரியும். எலும்பும் அப்படித்தான், முறியும்வரை வலிக்காது. பரிசோதனை 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுதோறும்.

முதலாண்டில் வருபவை

எடை ஒரே சீராக இறங்காது. மூன்றாம் வார வாக்கில் முள் அசையாமல் நிற்கும்; முதலில் இறங்கியதில் கணிசமான பங்கு தண்ணீர் என்பதால் உடல் அதைச் சரிசெய்துகொள்கிறது. வாரம் ஒருமுறை மட்டும் எடை பாருங்கள், இடுப்பையும் அளந்து எழுதுங்கள். 3 முதல் 6 மாதத்துக்குள் முடி கொட்டும். புரதமும் இரும்பும் போதிய அளவு இருந்தால் ஓராண்டுக்குள் திரும்ப வளரும்; அதற்குப் பிறகும் கொட்டினால் துத்தநாகம், ஃபெரிட்டின், தைராய்டு பார்க்க வேண்டும்.

வேகமாக எடை இறங்கும்போது பித்தக்கல் உருவாகும். அர்சோடியாக்சிகோலிக் அமில மாத்திரையை முதல் 6 மாதம் தருவது அதற்காகத்தான். பைபாஸ் ஆனவர் இனிப்பு சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது டம்பிங், அதாவது உணவு வேகமாகக் குடலுக்குள் இறங்குவதன் விளைவு. 1 முதல் 3 மணி நேரம் கழித்து நடுக்கமும் தலைசுற்றலும் வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கிறது. இனிப்பைத் தின்று சமாளித்தால் வட்டம் மீண்டும் சுற்றும், உணவில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவதே வழி. ஸ்லீவ் ஆனவருக்கு நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் ஓராண்டு முடிந்ததும் ஒரு எண்டோஸ்கோப்பி செய்வது நல்லது.

பெண்களுக்கு எடை இறங்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே மாதவிடாய் சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும், குழந்தைக்குச் சத்து போதாது. பைபாஸுக்குப் பின் வாய்வழிக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது; காப்பர் டி போன்ற வேறு வழி தேவை.

மது பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய அளவில் பாதிகூட வேகமாகத் தலைக்கேறும். இரண்டாம் ஆண்டிலிருந்து மதுவுக்கு அடிமையாகும் அபாயம் கூடுவது ஆய்வுகளில் நன்கு தெரிந்த விஷயம், முன்பு குடிக்காதவரிடமும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரிடம் தலைதூக்குகின்றன. எடை குறைந்தும் ஏன் இப்படி என்று வெட்கப்பட்டு மறைக்காமல், வீட்டில் ஒருவரிடமும் டாக்டரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். இது பலவீனமல்ல, சிகிச்சைக்குரிய ஒரு பின்விளைவு.

தொங்கும் தோல் எந்தத் தைலத்துக்கும் உள்ளே போகாது. தசைப் பயிற்சி உருவத்தைத் திருத்தும். தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனை எடை பல மாதம் நிலையாக நின்ற பிறகே, வழக்கமாக ஒன்றரை ஆண்டு கழித்து, யோசிக்க வேண்டும்.

எடை திரும்ப ஏறினால்

குறைந்தபட்ச எடையிலிருந்து சில கிலோ ஏறுவது இயல்பு. 5 கிலோவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் 10 கிலோ ஆகும்வரை காத்திருக்காமல் போய்ப் பாருங்கள். முதலில் ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது அனைத்தையும் எழுதுங்கள். இனிப்புப் பானம், ஐஸ்கிரீம், நாள் முழுக்கக் கொறிப்பது ஆகியவை சிறிய இரைப்பையை ஏமாற்றிக் கீழே வழுக்கிப் போய்விடுபவை; அவற்றைத் தாளில் பார்த்தால்தான் தெரியும். அடுத்து மருந்துகளைப் பாருங்கள்: ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடை ஏற்றும். மனநல மருந்தைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் மாற்று கேட்க வேண்டும். பிறகு எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்து, பை விரிந்திருக்கிறதா என்று சோதிப்பார்கள். உடற்கூறில் கோளாறு இல்லையென்றால் உணவு ஆலோசனையோடு வாராந்திர ஊசி சேர்ப்பது இப்போது முதல் வழி. மறு ஆபரேஷன் கடைசி வழி. ஒட்டிக்கொண்ட திசுக்களுக்கு நடுவே செய்வதால் கசிவின் அபாயம் முதல் முறையைவிட அதிகம், இறங்கும் எடையோ முதல் முறையைவிடக் குறைவு.